வாசனை வந்ததும் இறக்கவும்

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

காய்ச்சல் விட்டுவிட்டது. கவலைப்படாதே. முகாமில் பாதிப் பேர் படுத்துவிட்டதால் நான் படுத்தது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. டிசம்பர் கடைசியில் ஐந்து நாள் கம்பளிக்குள் கிடந்தேன். ஆறாம் நாள் அடுப்படிக்கு வந்துவிட்டேன். முந்நூறு பேருக்குச் சமைக்கிறவன் படுத்தால் ஆள் மாற்றி ஆள் வந்து நலம் விசாரிக்கிறார்கள். கடைசிக் கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: "நாளைக்கு யாரு சமைப்பாங்க?"

சுரங்கப்பாதை வேலை இன்னும் இரண்டு வருஷம் இழுக்கும் என்கிறார்கள். எனக்கு நல்லதுதான். பாப்பா படிப்பை முடிக்கும்வரை இங்கே என் அடுப்பு எரிந்தால் போதும்.

வியாழக்கிழமை தபால் லாரி கிளம்பிவிடும் என்பதால் அவசரமாக எழுதுகிறேன். போனில் பேசலாமே என்று திட்டுவாய். இங்கே இருப்பது ஆபீஸ் போன் ஒன்றுதான். முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள். நான் பேசுவதைப் பின்னால் பத்துப் பேர் கேட்பார்கள்.

உன் "ஒரு சட்டியில் உலகம்" பத்திரிகைப் பக்கத்துக்கு இந்த முறை கிரேன் ஓட்டுகிறவர் வீட்டுப் பக்குவம். அவர்கள் பக்கம் குளிர்காலத்தில் வாரம் மூன்று நாள் இதுதானாம். சிவப்பு பீன்ஸ் இரண்டு கப். முதல் நாளே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவை. எண்ணெயில் வெங்காயம் ஆறு நிமிடம், பூண்டு ஒரு நிமிடம், சீரகத்தூள் அரை நிமிடம். தக்காளி நான்கு, பன்னிரண்டு நிமிடம். வெந்த பீன்ஸைப் போட்டு இருபது நிமிடம். உப்பு மூன்று தேக்கரண்டி. கடைசியில் கோகோ தூள் ஒரு தேக்கரண்டி. கோகோ என்றதும் உன் வாசகர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், சாப்பிட்டபின் பேசட்டும்.

பாப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? பரீட்சை என்று சொல்லிப் பட்டினி கிடப்பாள். விடாதே. அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் தப்பை ஒத்துக்கொள்கிறேன். உன் பீன்ஸ் குறிப்பை நான் செய்து பார்க்காமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அத்தானுக்குக் கண் ஆபரேஷன். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்ததில் அடுப்பைப் பற்றவைக்கவே நேரமில்லை. பதினோரு வருஷத்தில் உன் குறிப்பு ஒருமுறைகூடத் தவறியதில்லை என்கிற தைரியம்.

பத்திரிகை வெளிவந்த மறுவாரம் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் இருபத்தேழு கடிதங்கள். "எடுத்துட்டுப் போய் நிதானமா படிங்க" என்றார். அந்த "நிதானமா" எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் எழுதியிருந்தது ஒன்றுதான். உப்பு. ஒரு அம்மா, "உங்கள் சட்டியில் உலகம் இருக்கிறதோ இல்லையோ, கடல் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

சரி, அச்சுப் பிழையாக இருக்கும் என்று உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று என்றுதான் நீ எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்தில், கோழி கிளறியது போல இருந்தாலும், மூன்று மூன்றுதான். அன்றே அதே அளவில் செய்தேன். பாப்பா ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி?"

"அப்பா உப்புப் போட மறப்பாரு அத்தை. அதிகமா போட்டதே இல்ல."

இதற்குப் பின் வந்த குறிப்பையும் எடுத்துப் படித்தேன். அதிலும் இதே மாதிரி நிமிடக் கணக்குதான், இரயில் அட்டவணை போல. நீ இப்படி எழுதுகிறவனே இல்லை. உடம்பு உண்மையிலேயே தேறிவிட்டதா? காய்ச்சலுக்குப் பிறகு தலை சுற்றல், மறதி ஏதாவது இருக்கிறதா? மறைக்காமல் எழுது. ஆசிரியரிடம் "கைதவறிவிட்டது" என்று சொல்லி மன்னிப்பு போட்டுவிட்டேன். அது பெரிதில்லை.

அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

யாரோ இருபத்தேழு பேர் எழுதினால் பதினோரு வருஷம் போய்விடுமா? தேக்கரண்டி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு. தலை தட்டிப் போடாமல் குவித்துப் போட்டிருப்பார்கள். நான் சமைத்தபோது இங்கே முந்நூறு பேர் சாப்பிட்டார்கள், யாரும் செத்துப்போகவில்லை.

உண்மையைச் சொன்னால் இங்கேயும் இப்போது குறை சொல்வது ஒரு பழக்கமாகிவிட்டது. போன வாரம் பால் புட்டிங் செய்தேன். எண்பது கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது. பால் அடிப்பிடித்திருந்ததாம். பாலைக் காய்ச்சிய நேரத்தில் பக்கத்தில் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை, பரிமாறிய பிறகு ஊரே சொல்கிறது. ரொட்டிப் பிரிவில் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கழுத்தில் எப்போதும் டைமரைத் தொங்கவிட்டிருப்பதால் டைமரம்மா என்று பெயர். அவள் வந்து கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். அந்தப் பார்வையும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். தலை சுற்றவில்லை. மறதி இல்லை. நீ போன பிறந்த நாளுக்கு எனக்கு வாழ்த்து அனுப்பாதது உட்பட எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

இந்த வாரக் குறிப்பு, வெல்டர் சொன்னது. ஷக்ஷுகா என்று பெயர். தக்காளிக் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றுவது, அவ்வளவுதான். பெரிய வெங்காயம் ஒன்று, குடைமிளகாய் ஒன்று, தக்காளி ஆறு. எல்லாம் சுண்டியதும் கரண்டியால் ஐந்து குழி பறித்து ஐந்து முட்டை. மூடிவைத்து ஆறு நிமிடம். உப்பை நீயே போட்டுக்கொள். நான் அளவு சொல்லவில்லை.

தம்பி


பிப்ரவரி 25

தம்பி,

உன் கடிதத்தை வந்த அன்றே நான்கு முறை படித்தேன். "பக்கத்தில் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை" என்கிற வரியில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன். பால் அடிப்பிடித்ததை உனக்கு யார் சொல்லவேண்டும்? பாத்திரக்கடைக்குள் நுழைந்தவுடனே பின்கட்டில் பால் பொங்கிவிட்டது என்று கடைக்காரருக்குச் சொன்னவன் நீ.

பரணிலிருந்து உன் பழைய கடிதங்களை இறக்கினேன். இரண்டு நாள் அதே வேலை. "சீரகம் வாசம் கிளம்பியதும் இறக்கு, அதற்குமேல் ஒரு நொடி வைத்தாலும் கசக்கும்." "வெண்ணெய் உருகி, நுரை அடங்கி, முந்திரி வறுத்த வாசனை வரும், அதுவரை பொறு." "மீனை மூக்கருகே கொண்டுபோ. கடல் வாசனை வந்தால் வாங்கு, மீன் வாசனை வந்தால் திரும்பிப் போ." ஒரு கடிதம் விடாமல் எல்லாவற்றிலும் வாசனை இருக்கிறது. டிசம்பர் காய்ச்சலுக்குப் பிறகு வந்தவற்றில் அந்த வார்த்தையே இல்லை.

நேராகக் கேட்கிறேன். உனக்கு வாசனை தெரிகிறதா?

இதைக் கேட்டபிறகுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. நீ சமைப்பது காஸ் அடுப்பில். பன்னிரண்டு பர்னர் என்று நீதான் பெருமையாக எழுதியிருக்கிறாய். அது கசிந்தால் உனக்கு எப்படித் தெரியும்?

செவ்வாய்க்கிழமை முகாம் ஆபீசுக்குப் போன் போட்டேன். குமாஸ்தா எடுத்தார்.

"சமையல் பிரிவுல இருக்கிறவரோட அக்கா பேசறேன். அவன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்காரும்மா. காலையிலகூடப் பார்த்தேன். ஏதாவது அவசரமா?"

வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் உன் வேலை போகும். சொல்லாவிட்டால் என்று நினைத்தேன், அந்த நினைப்பை முடிக்கக்கூட முடியவில்லை.

"ஒண்ணும் இல்லை. லெட்டர் வரலை, அதான்."

"லாரி லேட்டும்மா. வந்துரும்."

போனை வைத்துவிட்டு நம் வீட்டு அடுப்புத் திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். அன்றைக்கு ஏழு முறை பார்த்தேன். உன்னை அங்கே விட்டுவிட்டு இங்கே அடுப்பைப் பார்த்து என்ன பிரயோஜனம்? உடனே எழுது.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்கா,

தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை.

காய்ச்சல் விட்டு அடுப்படிக்கு வந்த அன்று, பெரிய அண்டாவில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முதுகு காட்டி நின்றபடி, இன்னும் வெங்காயம் போடவில்லையா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து. நானும் சிரித்தேன். மூக்கடைப்பாக இருக்கும், நாலு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். மூக்கு அடைக்கவே இல்லை அக்கா. காற்று நன்றாகப் போகிறது, வருகிறது. அதில் ஒன்றும் இல்லை.

உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, காரம் எரிகிறது. மற்றதெல்லாம் போய்விட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவேளை சாப்பிட்டுப் பார். எனக்கு மூன்று வேளையும் அதுதான். காப்பி என்றால் சூடான கசப்புத் தண்ணீர். நாக்குக்கு ஏதாவது எட்டட்டும் என்று கை தானாக உப்புக்குப் போகிறது. இப்போது உப்பை எடைபோட்டுத்தான் போடுகிறேன்.

தினமும் மூடியைத் திறந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டுத் தலையாட்டுகிறேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆட்டாமல் எப்படி இருப்பது? சட்டையை ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றுகிறேன். என்மேல் நாற்றம் அடித்தால் எனக்குத் தெரியாதே. யாராவது முகத்தைத் திருப்பினால் என்னால்தானோ என்று இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறேன்.

காஸைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. தினமும் காலையில் குழாய், இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கிறேன். கசிந்தால் குமிழி வரும். இதுவரை வந்ததில்லை. ஆகையால் நீ பயப்படவேண்டாம்.

வெளியே தெரிந்தால் அடுத்த லாரியிலேயே என்னை ஏற்றிவிடுவார்கள். மூக்கு இல்லாத சமையல்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? நாற்பத்து நான்கு வயதில் வேறு என்ன வேலைக்குப் போவேன்? பாப்பாவின் அம்மா போனபிறகு அவளுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான், நீ படி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவளுக்குத் தெரியக்கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

அழுதுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், அதனால் கோபமில்லாமல் எழுதுவேன் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாய். முதல் நாளே எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நீ கேட்கலாம். ஒன்றும் செய்திருக்க முடியாதுதான். ஆனாலும் எழுதியிருக்கலாம்.

உன் சோப்புத் தண்ணீரைப் பற்றி அத்தானிடம் கேட்டேன். அவர் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டோடு படுத்தபடியே சொன்னார்: "குழாய்ல ஓட்டை இருந்தா குமிழி வரும். யாராவது திருகைத் திறந்துபோட்டுப் போனா எங்கே குமிழி வரும்?" உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாவு டின்னுக்குக் கீழே ஒளித்துவைத்த உன் கடிதத்தைப் பாப்பா எடுத்துவிட்டாள். கேக் செய்யலாம் என்று டின்னைத் தூக்கியிருக்கிறாள். நான் காட்டவில்லை, நம்பு. படித்துவிட்டு அப்படியே மடித்துவைத்தாள். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்:

"இதை என்கிட்ட மறைச்சா, நாளைக்கு அப்பா நிஜமாவே நல்லா இருக்காருன்னு நீங்க சொன்னாக்கூட நான் நம்ப மாட்டேன் அத்தை."

அவளுக்கு வேண்டியது அப்பா. படிப்பை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம்.

மார்ச் முடிவதற்குள் நீயே மேலாளரிடம் போய்ச் சொல். அடுப்பு வேண்டாம், வேறு எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன் என்று கேள். காய்கறி நறுக்கு, சாமான் கட்டு, எதுவானாலும் சரி. நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். சும்மா மிரட்டுகிறாள் என்று நினைக்காதே. நான் மிரட்டி நீ பார்த்ததில்லை.

அக்கா


மார்ச் 22

அக்கா,

எழுதினால் எனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை.

நீ அங்கே உட்கார்ந்துகொண்டு சுலபமாகச் சொல்லிவிட்டாய். காய்கறி நறுக்குகிறவனுக்கு இந்த முகாமில் ஒப்பந்தம் ஆறு மாதம்தான், அது உனக்குத் தெரியுமா? பதினெட்டு வருஷம் கரண்டி பிடித்த கை, அது தெரியுமா?

குறிப்பு அனுப்பவில்லை. உன் பக்கத்துக்கு நீயே ஏதாவது சமைத்துக்கொள்.


ஏப்ரல் 10

தம்பி,

நேற்று முன்தினம் மேலாளருக்கு எழுதிவிட்டேன். பதிவுத் தபால். நீயாகத் தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடவேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

மார்ச் முப்பத்தொன்று வரை காத்திருந்தேன். பிறகு இரண்டு வியாழக்கிழமை. லாரி வந்தது, உன் கடிதம் வரவில்லை. போன் போட்டால் குமாஸ்தா இப்போது என் குரல் கேட்டதுமே சொல்லிவிடுகிறார்: "அவர் தபால் ஒண்ணும் குடுக்கலைம்மா." நேற்று போன் போட்டபோது, "ஆள் நல்லா இருக்காரா?" என்று கேட்டேன். "ம், இருக்காரு" என்றார். முன்பெல்லாம் "நல்லா இருக்காரு" என்பார். அந்த "ம்" என்னை என்ன பாடு படுத்துகிறது என்று உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு கேட்கவிடாமல் லைன் போய்விட்டது.

பேப்பரில் "சிலிண்டர்" என்ற வார்த்தை இருந்தால் அத்தான் அந்தப் பக்கத்தை மடித்துவைத்துவிடுகிறார். ஒரு கண்ணில் பார்த்துத் தேடி மடிக்கிறார். மடித்த பக்கத்தைத்தான் நான் முதலில் பிரிக்கிறேன்.

என் பக்கத்துக்கு வாழைப்பழ ரொட்டி போட்டேன். மூன்று முறை செய்துபார்த்தேன். முதல் முறை சர்க்கரையை மறந்தேன், இரண்டாவது முறை ஓவனைப் போட மறந்தேன். மூன்றாவதைப் பாப்பா செய்தாள். ஆசிரியர் "நல்லா இருக்கு, ஆனா உங்க பக்கம் மாதிரி இல்ல" என்றார்.

நீ சொன்னபடி இனி எனக்குத் தம்பி இல்லாமல் போகலாம். யோசித்துத்தான் எழுதினேன். நீ கோபத்தோடு எங்கேயோ இருக்கிறாய் என்றால் அதை நான் தாங்கிக்கொள்வேன்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதமும், மேலாளருக்கு நீ எழுதியதும் ஒரே லாரியில் வந்தன. அதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பாப்பாவுக்கும் படித்துக்காட்டு.

ஏப்ரல் ஆறாம் தேதி. மதியச் சாப்பாடு முடிந்து அடுப்பைக் கழுவித் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். துடைத்த கை ஏதோ ஒரு திருகில் பட்டிருக்கிறது. அத்தான் சொன்னதேதான். அன்றைக்குப் புழுதிக் காற்று என்பதால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மூன்று மணிக்கு டீ போட நான் உள்ளே வந்தேன். காலையில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்திருந்த தைரியம். லைட்டரை எடுத்தேன். பின்கதவுக்கு வெளியே, சுவர் ஓரமாக, இரண்டு பெண்கள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது. யாருக்கோ மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு.

டைமரம்மா ரொட்டி அறையிலிருந்து நடைவழியாக எதற்கோ வந்திருக்கிறாள். ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால் நகம் பதிந்தது, இன்னும் தழும்பு இருக்கிறது. என்னை இழுத்துக்கொண்டே வெளியே வந்து, அந்த இரண்டு பெண்களையும் எழுப்பி, எல்லாரையும் மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பிறகு மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு திரும்பிப் போய் வெளிப்பக்கத்து மெயின் வால்வை மூடினாள். வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலை."

"திருகு திறந்திருந்தது தெரியலையா, நாத்தம் தெரியலையா?"

"நாத்தம்."

"எத்தனை நாளா?"

"டிசம்பர்ல இருந்து."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "எனக்கு வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. கிழங்கு சீவின அந்த அக்காவுக்கு மூணு" என்று மட்டும் சொன்னாள். நான் எழுந்து நேராக மேலாளர் அறைக்குப் போனேன். அவள் சொல்லிப் போகவில்லை. உனக்குப் பயந்தும் போகவில்லை. அந்த மூன்று பிள்ளைகளை எனக்குத் தெரியும் அக்கா. போட்டோ பார்த்திருக்கிறேன்.

மேலாளர் கத்தவில்லை. "எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். முகாமே அறைக்கு வெளியே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. குமாஸ்தாவின் "ம்" அதுதான். எட்டு நாள் கழித்து லாரியில் உன் கடிதம் வந்தது. மேலாளர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இது உங்ககிட்ட இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டார்.

"அவனை வேலையை விட்டு எடுத்தாலும் சரி, முதலில் அடுப்பை விட்டு எடுங்கள். அவன் என்னோடு பேசாமல் போய்விடுவான். பரவாயில்லை. பேசாத தம்பி எனக்குப் போதும்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை முடியவில்லை.

இனி நான் அடுப்புப் பக்கம் போகக்கூடாது. ரொட்டி அறையில் மின்சார ஓவன்தான் என்பதால் அங்கே போட்டிருக்கிறார்கள், டைமரம்மாவின் கீழே. டாக்டரைப் பார்த்து அறிக்கை வாங்கிவரவேண்டும். அறிக்கையைப் பார்த்து ஜூன் கடைசியில் முடிவு சொல்வார்களாம். அதுவரை இழுபறிதான்.

மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 27

தம்பி, கண்ணே,

பாப்பா படித்தாள், நான் கேட்டேன். லைட்டரை எடுத்தேன் என்கிற இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். மீதியை அத்தான் ஒரு கண்ணால் படித்தார்.

உன்னை நாலு அறை அறையவேண்டும் போல இருக்கிறது. அந்த டைமரம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டுக்கும் வழியில்லை. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு எழுது. புடவையா, புத்தகமா, என்னவானாலும்.

ஆசிரியரிடம் போய் முழுதும் சொன்னேன். பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குக் குறிப்பு அனுப்புகிறவனுக்கு இந்த நிலைமை என்றேன். அவர் ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். யாரோ புதிதாகச் சமைக்கத் தொடங்கிய ஆள். மனைவி வெளியூரில் வேலை. "வாசனை வரும்வரை, பச்சை வாசம் போகும்வரை என்றெல்லாம் எழுதினால் எனக்கு எந்த வாசனை என்றே புரியாது. நிமிடம் போட்டு எழுதியதால் வாழ்க்கையில் முதல்முறை ஒரு குழம்பு உருப்படியாக வந்தது, உப்பைத் தவிர" என்று எழுதியிருக்கிறார். ஆசிரியர், "உப்பை நீங்க பார்த்துக்கங்க, நிமிஷத்தை அவர் பார்க்கட்டும்" என்றார். ஆகவே குறிப்பு அனுப்பு. கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது, கையால் தொடுவது எல்லாம் எழுது. இங்கே நான் ஒவ்வொன்றையும் செய்து பார்த்துத்தான் போடுவேன். இனி ஆபரேஷனே நடந்தாலும்.

டாக்டர் என்ன சொன்னார்? ஒரு வரி விடாமல் எழுது. ஜூன் என்கிறாயே, அதற்குள் நான் எத்தனை முறை சாகவேண்டும்?

அக்கா


மே 19

அன்புள்ள அக்கா,

டாக்டர் மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். காய்ச்சலில் வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறதாம். "திரும்ப வருமா?" என்று கேட்டேன். "சிலருக்கு வரும். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ. சிலருக்கு வர்றதில்ல. நான் உங்களுக்குப் பொய் சொல்லக்கூடாது" என்றார். நான்கு குப்பி கொடுத்திருக்கிறார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் தைலம். காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கவேண்டும். இருபது நாள் ஆயிற்று. போன வாரம் கிராம்புக் குப்பியில் ரப்பர் எரிகிற மாதிரி ஏதோ ஒன்று வந்து, உடனே போய்விட்டது. டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். கெட்டதாக இருந்தாலும் வரட்டும் என்கிறார். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. தினமும் கிராம்புக் குப்பியைத்தான் முதலில் திறக்கிறேன்.

டைமரம்மாவுக்குப் பரிசு எதுவும் வேண்டாமாம். "தினமும் எடைத் தட்டைக் கழுவி வைக்கச் சொல்லுங்க, போதும்" என்றாள். ஒரு கிராம் கூடினாலும் திட்டுகிறாள். முதல் வாரம் நான் பிசைந்த மாவை இரண்டு முறை குப்பையில் கொட்டினாள். என்னைவிடச் சின்னவளிடம் திட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நிம்மதியாக இருக்கிறது. அவள் திட்டாவிட்டால்தான் எங்கே தப்பு நடந்ததோ என்று பயம் வருகிறது.

உன் பக்கத்துக்கு ஃபொக்காசியா என்கிற தட்டை ரொட்டி. பிசையவே வேண்டாம், முதல்முறை செய்கிறவர்களுக்கும் வரும். மைதா ஐந்நூறு கிராம், தண்ணீர் நானூறு, உப்பு பத்து, ஈஸ்ட் ஐந்து. கரண்டியால் கலக்கி மூடிவை. இரண்டு மடங்கு பொங்கி, மேலே குமிழி கட்டி, பாத்திரத்தை ஆட்டினால் தளதளவென்று ஆடவேண்டும். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, இன்னும் முக்கால் மணி நேரம் விடு. விரலை எண்ணெயில் நனைத்து, தட்டின் அடி தட்டுப்படும்வரை குழி குழியாகக் குத்து. இருநூற்று இருபது டிகிரி, இருபத்திரண்டு நிமிடம். உப்பை நான் எடைபோட்டேன், டைமரம்மா சரிபார்த்தாள். நீயும் பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பல்வலி, டாக்டரிடம் போய்விட்டாள். ரொட்டி அறையில் நான் மட்டும். ஆறு தட்டை உள்ளே தள்ளிவிட்டு, அவளுடைய டைமரை என் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே விளக்கு மங்கல். எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது. கருகினால் எனக்குத் தெரியாது. புகை வந்தபிறகுதான் தெரியும். பன்னிரண்டு நிமிடம் ஆனது. கழுத்தில் வேர்வை. ஓவனைத் திறந்து பார்க்கலாமா என்றால், அடிக்கடி திறந்தால் ரொட்டி அமுங்கிப்போகும் என்று சொல்லியிருக்கிறாள். பதினாறு. யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பினேன்.

கதவருகே கிரேன் ஓட்டுகிறவர் நின்றுகொண்டிருந்தார், தோளில் துண்டோடு, குளிக்கப் போகிற வழியில். அவருக்குப் பின்னால் வெல்டர். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கமா வந்தோம்."

யாரும் நகரவில்லை. எல்லாரும் ஓவனையே பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அறை முழுவதும் வாசனை நிறைந்திருக்கிறது என்று. அவர்கள் நின்ற விதத்தில் தெரிந்தது.

கிரேன்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் விஷயம் எல்லாருக்கும் தெரியும். "இப்ப நல்லா இருக்கு. பாதாம் வறுத்த மாதிரி" என்றார். வெல்டர், "பாதாம் இல்லை, வெண்ணெய்" என்றார். இரண்டு பேரும் வாக்குவாதம் செய்தார்கள். திடீரென்று கிரேன்காரர் கையை உயர்த்தினார். "இப்ப எடுங்க. ஓரம் கருகற மாதிரி ஒண்ணு ஆரம்பிக்குது."

டைமரில் இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. டைமரம்மாவின் கணக்கு இதுவரை தப்பியதில்லை. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், ஓவனைத் திறந்தேன். வலது பக்கத் தட்டின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. மற்றவை பொன்னிறம். அடியில் தட்டிப் பார்த்தேன், சத்தம் சரியாக இருந்தது. அந்த ஓவன் வலது பக்கம் கொஞ்சம் அதிகம் சுடுமாம், அவள் சொல்ல மறந்துவிட்டாள்.

ஜூனில் என்ன சொல்வார்களோ தெரியாது. பாப்பாவிடம் அதையும் மறைக்காமல் சொல். ஆனால் அன்றிலிருந்து ஓவன் நேரத்தில் ஒருவர் கதவருகே வந்து நிற்கிறார். அவர்களாகவே முறை போட்டுக்கொண்டு, ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நாளைக்கு வெல்டர்.

தம்பி